பூனை மணல் தட்டை விட்டு மெத்தையில் போகிறதா? எதில் தொடங்குவது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும்

இதைத் தேடிப் படிக்க வந்திருக்கிறீர்கள் என்றால், அனேகமாக உங்கள் மொட்டை மாடியில் ஒரு மெத்தை காய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் "இந்தப் பூனையைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடு" என்று சொல்லியும் இருப்பார். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலான பூனைகளை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் காரியமே இருக்கிறது. பொதுவாக நாம் முதலில் வாசனை ஸ்பிரே வாங்குகிறோம், பிறகு புதுத் தட்டு, பிறகு வேறு மணல், கடைசியில் மருத்துவர். பணமும் நாளும் வீணாவது இந்தத் தலைகீழ் வரிசையால்தான்.

நான் இருப்பது சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில், வெளியே போகாத இரண்டு பூனைகளோடு. கீழே உள்ள விலைகள் எல்லாம் தோராயமானவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

முதலில் ஒன்று: பூனை பழிவாங்குவதில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்ததற்காகக் கட்டிலில் போய் வைப்பதில்லை. வலி, பிடிக்காத தட்டு, பயம், எல்லைச் சண்டை, இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் பயத்தைக் கூட்டும். பிறகு நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும். சோபாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று மாதக்கணக்கில் தெரியாமலே போய்விடும்.

1. கடுவன் பூனையா? சிறுநீர் வருகிறதா என்று இப்போதே பாருங்கள்

மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், இது முடியாது. ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நுனியில் மிகவும் குறுகலாக இருக்கும். படிகங்களோ சளி போன்ற கசடோ அங்கே சிக்கினால் மொத்தமாக அடைத்துவிடும்.

அறிகுறிகள் இவை. தட்டில் போய்ப் போய் உட்காரும், எதுவும் வராது அல்லது ஒன்றிரண்டு சொட்டு வரும். முக்கும்போது கத்தும். அடியை ஓயாமல் நக்கும். வயிற்றைத் தொட விடாது. பிறகு வாந்தி, சோர்வு, ஒளிந்துகொள்வது. முழுதாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவு பதினொரு மணி என்றாலும் கிளம்ப வேண்டியதுதான்.

இங்கே பலர் ஏமாறும் இடம்: பூனை முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பது. முக்குவது எதற்கென்று சந்தேகமாக இருந்தால் சிறுநீர் அடைப்பு என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். மலச்சிக்கல் என்று தெரிந்தால் நல்லதுதான், யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை.

அடைப்பு என்றால் மயக்கம் கொடுத்து, குழாய் செருகி, சில நாள் மருத்துவமனையில் வைத்துச் சொட்டு மருந்து ஏற்றுவார்கள். தனியார் மருத்துவமனையில் 8,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆகலாம். சரியான பிறகும் முதல் சில வாரங்களில் மறுபடி அடைத்துக்கொள்வது உண்டு, அதனால் வீட்டுக்கு வந்ததும் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

பூனை நன்றாக இருக்கும்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். உங்கள் பகுதியில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து, அந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். இணையத்தில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கும், கூப்பிட்டால் காலையில் வாருங்கள் என்பார்கள். ஒருமுறை இரவில் கூப்பிட்டுப் பார்த்தே எழுதி வையுங்கள்.

2. மூன்று நாள் குறிப்பு எடுங்கள்

அவசரம் இல்லை என்றால் மருத்துவரிடம் போகும் முன் ஒரு நோட்டிலோ கைபேசியிலோ இதை எழுதுங்கள்: எந்த இடம், எந்த நேரம், சிறுநீரா மலமா, எவ்வளவு, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது. அந்த நாட்களில் தட்டிலும் போகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "எல்லா இடத்திலும் போகுது டாக்டர்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஈரம் பட்டதும் கட்டியாகும் கட்டிமணல் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சாதாரணமாக ஒரு பூனை நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். கோலிக்குண்டு அளவில் சின்னச் சின்னக் கட்டிகள் நிறைய வந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல். பெரிய பெரிய கட்டிகள் அடிக்கடி வந்தால், அதுவும் வயதான பூனையாக இருந்தால், சிறுநீரகம், சர்க்கரை நோய், தைராய்டு இவற்றை நினைக்க வேண்டும்.

எப்படி நின்று போகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள், முடிந்தால் காணொளி எடுங்கள். குந்தி உட்கார்ந்து தரையிலோ மெத்தையிலோ நிறையப் போனால் அது கழிப்பு. நின்றபடியே வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, சுவரிலோ பீரோ ஓரத்திலோ திரைச்சீலையிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பீய்ச்சுகிற பூனைக்கு நீங்கள் ஆயிரம் தட்டு வாங்கிப் போட்டாலும் பெரிதாக மாறாது.

இரண்டு பூனை இருந்தால் யார் செய்வதென்று தெரிந்தாக வேண்டும். ஒன்றைச் சில நாள் தனி அறையில் வைத்துப் பார்ப்பது எளிய வழி. நாமாகவே ஒன்றைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம், பெரும்பாலும் முரட்டுப் பூனையை. உண்மையில் செய்வது அதற்குப் பயந்து தட்டுப் பக்கமே போகாத சாதுவாக இருக்கும்.

3. மருத்துவரிடம் போவது: என்ன எடுத்துப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும்

எடுத்துப் போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், கருத்தடை செய்த தேதி, தின்னும் உணவுப் பையின் முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த படம், உங்கள் குறிப்பு, காணொளி. தடுப்பூசி அட்டை இல்லையென்றால் பார்க்கவே மாட்டார்கள் என்பதில்லை. ஆனால் மருத்துவமனையில் தங்கவைக்க நேர்ந்தால் கேட்பார்கள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் மாதிரியை வீட்டிலேயே எடுத்துப் போக முடிந்தால் வேலை சுலபம். தட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதில் கழுவிய மீன்தொட்டிக் கூழாங்கல்லையோ சுத்தமான பாலிதீன் பையைத் துண்டு துண்டாக நறுக்கியோ போடுங்கள். பூனை போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மருந்துக் கடையில் விற்கும் மூடி போட்ட டப்பாவில் ஊற்றுங்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள், குளிரில் வைத்ததைச் சொல்லியும் விடுங்கள். குளிர்ந்த சிறுநீரில் படிகங்கள் தானாகவே உருவாகும், அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கிருமி வளர்ப்புச் சோதனை வேண்டுமென்றால் மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி எடுப்பார். கேட்கப் பயமாக இருக்கும், பூனை பெரிதாக அலட்டிக்கொள்ளாது.

செலவு: தனியார் மருத்துவர் கட்டணம் 300 முதல் 800 ரூபாய். சிறுநீர்ப் பரிசோதனை 300 முதல் 700. அல்ட்ராசவுண்ட் 1,000 முதல் 2,000. ரத்தப் பரிசோதனை 1,000 முதல் 2,500. முதல் நாளே எல்லாம் தேவைப்படாது. இளம் பூனைக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் தொடங்கலாம். ஏழு எட்டு வயதைத் தாண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.

கையில் பணம் இல்லையென்றால் சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. செலவு தனியாரைவிடப் பல மடங்கு குறைவு. விலையாகக் கொடுக்க வேண்டியது நேரம். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள், அரை நாளை ஒதுக்கி வையுங்கள். சுற்றிலும் நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும். கூடையின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடையை இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டில் திறந்து போட்டுவைத்தால் கிளம்பும் அன்று கைகளில் கீறல் குறையும்.

இப்போது முக்கியமான விஷயம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பூனைகளுக்கு இந்தத் தொல்லை வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று இருக்காது. சிறுநீர்ப்பை காரணம் தெரியாமல் வீங்கி வலிப்பதுதான் அதிகம், அதற்கும் பதற்றத்துக்கும் தொடர்புண்டு. அடைப்பு இல்லாதவரை இது ஒரு வாரம் போலத் தானாகவே தணிந்துவிடும், சில மாதம் கழித்துத் திரும்பியும் வரும். அந்த வாரத்தில் நீங்கள் எதை வாங்கியிருந்தாலும் அதனால்தான் சரியானது என்று தோன்றும். ஆளுக்கொரு மருந்தை, ஆளுக்கொரு மணலைச் சத்தியம் செய்து பரிந்துரைப்பது இதனால்தான். அதனால் ஆன்டிபயாடிக் எழுதினால் "பரிசோதனையில் கிருமி இருந்ததா?" என்று பணிவாகக் கேளுங்கள். "வலிக்கு ஏதாவது தருகிறீர்களா?" என்றும் கேளுங்கள்.

வலிக்கு நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். மனிதருக்கான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அரை மாத்திரையும் கொன்றுவிடும்.

படிகம் இருக்கிறதென்று சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். ஸ்ட்ரூவைட் வகைக் கல்லைச் சிறப்பு உணவாலேயே கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கரையாது. சிறப்பு உணவு சாதாரண உணவைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. அதோடு பழைய உணவையும் கருவாட்டையும் கலந்து கொடுத்தால் காசு தண்டம்.

4. கருத்தடை செய்யவில்லையா? அதை முடியுங்கள்

கருத்தடை செய்யாத கடுவன் பீய்ச்சுகிறது என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அறுவை செய்தால் பத்தில் ஒன்பது கடுவனுக்கு இந்தப் பழக்கம் நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும். மறுநாளே நிற்காது, சில வாரம் பிடிக்கும். தனியாரிடம் கடுவனுக்கு 2,500 முதல் 5,000, பெட்டைக்கு 4,000 முதல் 8,000 ரூபாய். அரசு மருத்துவமனையிலும் விலங்கு நல அமைப்புகளிலும் குறைவு, ஆனால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். பெட்டை பீய்ச்சாது என்று நினைக்காதீர்கள், அதுவும் செய்யும்.

5. தட்டு, மணல், இடம்

உடம்பில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு, அல்லது மருந்து தொடங்கிய கையோடு, இதற்கு வாருங்கள்.

*அளவு.* கடைகளில் பூனைத் தட்டு என்று விற்பவை பெரும்பாலும் குட்டிகளுக்குத்தான் பொருந்தும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தட்டுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் கேட்பார்கள். பாத்திரக் கடையில் துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி 400 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பக்கத்தில் வாசல் போல வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் முடிந்தது. வயதான, மூட்டுவலி உள்ள பூனைக்கு அந்த வாசல் தரைக்கு நான்கு விரல் உயரத்துக்குள் இருக்கட்டும். ஏற முடியாமல்தான் வாசலிலேயே போய்விடுகிறது.

மூடி போட்ட தட்டு நமக்கு அழகு. நாற்றம் உள்ளேயே தங்குவதால் பல பூனைகளுக்கு ஆகாது. மூடியைக் கழற்றி ஒரு வாரம் பாருங்கள், காசில்லாத சோதனை. உள்ளே பாலிதீன் விரிப்புப் போடுவதையும் நிறுத்துங்கள், நகத்தில் மாட்டும்.

*எண்ணிக்கை.* பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. சின்ன வீட்டில் மூன்று எப்படி என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். பக்கத்துப் பக்கத்தில் மூன்று வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒன்றுதான். ஒரு பூனை வழியில் படுத்துக்கொண்டால் மூன்றும் அடைபட்டுவிடும். வெவ்வேறு அறையில் இரண்டு வைப்பது ஒரே இடத்தில் மூன்று வைப்பதைவிட மேல்.

*இடம்.* நம் வீடுகளில் தட்டு போகும் இடம் இரண்டு: பால்கனி, குளியலறை. இரண்டிலும் வில்லங்கம் உண்டு. சித்திரை வைகாசியில் பால்கனித் தரை மதியத்தில் கொதிக்கும், கால் வைக்க முடியாமல் பூனை திரும்பி வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் சாரல் அடித்து மணல் களியாகிவிடும். அதுவும் இடி இடித்தால் அந்தப் பக்கமே போகாது. குளியலறைத் தரை எப்போதும் ஈரம், கதவை யாராவது தாழிட்டுவிடுவார்கள். துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால், பூனை உட்கார்ந்திருக்கும்போது அது சுழலத் தொடங்கிய ஒரு தடவை போதும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகிலும் வேண்டாம். கூடத்து மூலை, படுக்கையறை மூலை, நடைபாதையின் ஓரம், இவற்றில் ஒன்றில் குறைந்தது ஒரு தட்டாவது இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "கூடத்துல தட்டா, கூடத்துல நாத்தமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

*மணல்.* வாசனை கலக்காத, மெல்லிய, கட்டியாகும் பெண்டோனைட் என்ற களிமண் வகை மணலைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. 5 கிலோ 300 முதல் 600 ரூபாய். ஒரு பூனைக்கு மாதம் 5 முதல் 10 கிலோ ஆகும். லாவெண்டர், எலுமிச்சை வாசனை எல்லாம் நமக்காகப் போடுவது. வீடு கட்டும் இடத்திலிருந்து ஆற்று மணலையோ எம்-சாண்டையோ அள்ளி வருவது வழக்கம்தான். குவித்துவைத்த மணல் தெருப் பூனைகளின் கழிப்பிடம், புழு முட்டைகளோடு வரும். வேறு வழியில்லை என்றால் சலித்து, கொளுத்தும் வெயிலில் பரப்பிக் காயவைத்துப் போடுங்கள். அப்போதும் அது கட்டியாகாது என்பதால் வாரம் இரண்டு முறை முழுதாக மாற்ற வேண்டும்.

இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். மணல் வகையை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதை அப்படியே விட்டு, புது மணலோடு இன்னொரு தட்டு வையுங்கள், எது பிடிக்கிறதென்று அதுவே காட்டும். பூந்தொட்டியில் போகிற பூனைக்கு மண் பிடித்திருக்கிறதென்று பொருள். கட்டிமணல் மேல் ஒரு கைப்பிடி மண் தூவிப் பாருங்கள், தொட்டி மண்ணைக் கூழாங்கல்லால் மூடிவிடுங்கள்.

*சுத்தம்.* நாளைக்கு இரண்டு தடவை அள்ள வேண்டும், குறைந்தது ஒரு தடவை. கட்டிமணலை மாதம் ஒருமுறையாவது கொட்டிவிட்டு, தட்டைச் சாதாரண பாத்திரச் சோப்பால் கழுவிக் காயவைத்துப் புதிதாகப் போடுங்கள். அள்ளிய பெண்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டிவிடாதீர்கள், உள்ளே போய் ஊறிக் குழாயை அடைக்கும், பிளம்பருக்குத் தனியாக அழ வேண்டும். பையில் கட்டிக் குப்பையில்தான் போட வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தட்டு அள்ளும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகே தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளுவது அதற்கும் பாதுகாப்பு. இதற்காகப் பூனையை வீட்டை விட்டு அனுப்பத் தேவையில்லை.

6. கழுவுவது: ஃபினைலை ஒளித்து வையுங்கள்

நம் வீட்டு வழக்கமே பூனைக்கு எதிராக இருப்பது இங்கேதான். ஃபினைல் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். டெட்டாலில் உள்ள மருந்தும் அந்த இனம்தான். அந்த வாடைக்கு மேல் தன் வாடையைப் பதிக்க மறுபடி அங்கேயே போகும் பூனைகளும் உண்டு.

பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் நச்சுப் புகை வரும், உங்களுக்கும்தான் கெடுதல். பூனை வராமல் இருக்க அந்துருண்டை போடச் சொல்வார்கள். அது பூனைக்கு விஷம், குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும். வேலைக்கு வரும் அக்காவிடம் இதையெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். நாம் அலுவலகம் போன பிறகு அவர் நல்லெண்ணத்தில் இரண்டு மூடி கூடுதலாகவே ஊற்றித் துடைத்துவிடுவார்.

வேண்டியது நொதி கலந்த துப்புரவுத் திரவம். வளர்ப்பு விலங்குக் கடைகளிலும் இணையத்திலும் 500 மி.லி. 300 முதல் 700 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும்போது நொதி, என்சைம் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வாசனைத் தண்ணீரையும் அதே விலைக்கு விற்கிறார்கள்.

தரைக்கு: துணியால் ஒற்றி எடுங்கள், திரவத்தை ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் விட்டு, துடைத்துக் காயவிடுங்கள். ஓடுகளின் இணைப்பில் உள்ள வெள்ளைச் சிமெண்ட் சிறுநீரைக் குடித்துவைத்திருக்கும், அங்கே இரண்டாம் முறை ஊற்றுங்கள்.

மெத்தைக்கு: மேலாகத் தெளித்தால் பயனில்லை. சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும். பழைய துண்டை வைத்து ஏறி நின்று ஈரத்தை உறிஞ்சுங்கள். திரவத்தைத் தாராளமாக ஊற்றி, பாலிதீன் போட்டு மூடி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். அதற்கு முன் சோப்போ வினிகரோ போடாதீர்கள், நொதியின் வேலையைக் கெடுக்கும். பிறகு முழுதாகக் காய வேண்டும். ஃபோம் மெத்தைக்கு வெயிலிலும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் பஞ்சைப் பிரித்து மாற்றிவிடுவதே மலிவு. துணிமணிகளை நொதி உள்ள சலவைத் தூளில், வெந்நீர் இல்லாமல் பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ ஊறவைத்துத் துவையுங்கள்.

எங்கெங்கே போயிருக்கிறதென்று கண்டுபிடிக்க 300 ரூபாய்க்கு யுவி டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் காய்ந்த சிறுநீர் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புத் தூள் கறையும் ஒளிரும் என்பதால் மூக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததும் மனம் கொஞ்சம் உடையும், பரவாயில்லை.

7. பழைய இடத்தை மறக்கடிப்பது

சுத்தம் செய்து காய்ந்த இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தையோ படுக்கையையோ வையுங்கள். தின்னும் இடத்தில் பூனை போகாது. ஒரே மூலையில் விடாப்பிடியாகப் போனால் அந்த மூலையிலேயே ஒரு தட்டு வைத்துவிட்டு, ஒழுங்காகப் போகத் தொடங்கிய பிறகு நாளைக்கு ஒரு சாண் வீதம் நகர்த்துங்கள். அவசரப்பட்டுத் தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் மறுபடி முதலிலிருந்து.

மெத்தையில் போகும் பூனைக்கு, நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் படுக்கையறைக் கதவு மூடியே இருக்கட்டும். கைக்குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட்டையோ, 600 முதல் 1,500 ரூபாய்க்கு விற்கும் நீர்புகா மெத்தை உறையையோ போட்டுவிடுங்கள். அழுக்குத் துணியைத் தரையில் குவிக்காதீர்கள். மிதியடிகளையும் சில வாரம் எடுத்துவையுங்கள், அடியில் ரப்பர் உள்ளவை பல பூனைகளை ஏனோ சுண்டி இழுக்கின்றன.

எதற்கும் மசியாவிட்டால் ஒரு சின்ன அறையில் தட்டு, தண்ணீர், சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்து இரண்டு வாரம் போலப் பழக்குவது உண்டு. தினமும் நீங்களும் போய் உட்கார வேண்டும். கதவைச் சுரண்டிக் கதறுகிற பூனைக்கு இது ஒத்துவராது, விட்டுவிடுங்கள்.

8. வீட்டுச் சூழல்

முதலில் சன்னல். தெருவில் திரியும் கடுவன் ஒன்று உங்கள் சன்னல் திட்டிலோ எதிர் மதிலிலோ வந்து உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் பூனை கதவோரத்திலும் திரைச்சீலையிலும் பீய்ச்சும். சன்னலின் கீழ்ப் பாதியில் மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், 200 ரூபாய் வேலை. கீழே யாராவது அதற்குச் சோறு வைக்கிறார்கள் என்றால் சண்டைக்குப் போகாமல், சற்றுத் தள்ளி வைக்கக் கேளுங்கள். அந்தக் கடுவனுக்கும் கருத்தடை செய்ய முடிந்தால் இருவருக்கும் நிம்மதி.

தீபாவளி வாரம், விருந்தாளிகள், பக்கத்து வீட்டில் துளை போடும் சத்தம், வீடு மாற்றுவது, புதுக் குழந்தை, புதுப் பூனை, இவையெல்லாம் தூண்டும். தவிர்க்க முடியாதவை. அந்த நாட்களில் பீரோவுக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ யாரும் தொந்தரவு செய்யாத ஒரு பொந்தும், அதற்கு அருகிலேயே ஒரு தட்டும் இருந்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீர்ப்பைக்கு நல்லது. இரண்டு மூன்று இடத்தில் அகலமான கிண்ணங்களில் வையுங்கள். உலர் உணவை மட்டும் கொடுப்பவர்கள் ஒரு வேளையாவது ஈர உணவோ, உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீனோ கோழியோ, வேகவைத்த தண்ணீரோடு கொடுங்கள்.

பூனையை அமைதிப்படுத்தும் வாடையை அறையில் பரப்பும் பெரோமோன் டிஃப்யூசர் சில பூனைகளுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு இல்லை. ஒரு புட்டி ஏறத்தாழ ஒரு மாதம் வரும், ஆண்டு முழுவதும் வாங்கினால் கையைக் கடிக்கும். தட்டையும் இடத்தையும் சரிசெய்யாமல் இதை முதலில் வாங்காதீர்கள். எல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரே பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை தருவார். ஃபுளூஆக்சடீன் போன்றவை முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

9. எத்தனை நாளில் சரியாகும்

தட்டோ மணலோதான் காரணம் என்றால் ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சிறுநீர்ப்பை வீக்கம் ஒரு வாரம் போல. பீய்ச்சும் பழக்கத்துக்கு ஒன்றிரண்டு மாதம். ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கம் என்றால் அதற்கும் மேல். ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், ஒரே நாளில் ஐந்தை மாற்றாதீர்கள். எது பலித்தது என்று தெரியாமல் ஐந்தையும் காலமெல்லாம் செய்துகொண்டிருக்க வேண்டி வரும்.

வாடகை வீடு என்றால் இன்னொரு வேலை. குடிபோகும்போதே மரக் கதவுகள், அலமாரியின் அடிப்பகுதி, மூலைகள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கும் கதவுக்கும் முன்பணத்தில் பிடிப்பார்கள். முந்தைய குடித்தனத்தின் கறைக்கும் சேர்த்து உங்களிடம் பிடிக்காமல் இருக்க அந்தப் படங்கள்தான் சாட்சி. பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை சிறுநீர் பட்டு உப்பினால் நொதியாலும் மீட்க முடியாது. குடிபோன முதல் வாரமே அடியோரத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிவிடுங்கள்.

ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கினால் தட்டையும் மணலையும் குறை சொல்லத் தொடங்காதீர்கள். ஒரு சிறுநீர் மாதிரியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கடுவனாக இருந்தால் அதற்கும் முன்னால், சிறுநீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.